பாடியவர் பதில் சொல்லட்டும்

தமிழ் ராப் உலகின் பெரிய பெயர்களைப் பற்றி மலையகத்திலிருந்து ஒரு விமர்சனம்

மாத்தளை மாவட்டத்தில் கலேவெலைக்குப் பக்கத்தில் இருக்கிறது வஹகோட்டை. கண்டி மன்னர் காலத்தில் குடியமர்த்தப்பட்ட போர்த்துக்கேயரின் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் வாழும் சிற்றூர். புனித அந்தோனியார் திருத்தலத்தால் நாடெங்கும் அறியப்பட்டது. ஜூன் மாதத் திருவிழாக் காலத்தில் தோட்டப்புறங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வரும் வேன்களில் பெரியவர்களுக்கு ஒரு பாட்டு ஓடினால் பிள்ளைகளுக்கு ஒன்பது பாட்டு ஓடுகிறது. அதில் பாதி ராப். அறிவு, ஹிப்ஹாப் தமிழா, வேடன், யோகி பி. பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்பதுதான் அவர்களுடைய விமர்சனம்.

என்னுடைய விமர்சனம் அது இல்லை. வேகமாகப் பேசுவதும் தாளத்துக்குள் சண்டை போடுவதும் நமக்குப் புதிதில்லை. காமன் கூத்துக் காலத்தில் தோட்டங்களில் லாவணி கட்டிப் பாடியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். எரிந்த கட்சிக்காரர் மன்மதன் எரிந்தான் என்பார், எரியாத கட்சிக்காரர் எரியவில்லை என்பார், ராத்திரி முழுக்க விவாதம் நடக்கும். சிங்களத்தில் வாத பைலா உண்டு. தலைப்பைக் கொடுத்தவுடன் மேடையிலேயே பாட்டுக் கட்டி எதிராளியை மடக்க வேண்டும். நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் 1973 ஓகஸ்ட் 11ஆம் திகதி கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா இளைஞர் ஒரு வீட்டு விருந்தில் இசைத்தட்டு சுழற்றிய நாளை ஹிப்ஹொப்பின் பிறந்தநாள் என்கிறார்கள். அதற்கு எத்தனையோ காலம் முன்பே வாய்ச்சண்டையைக் கலையாக வைத்திருந்தவர்கள் நாம்.

அந்தக் கலைக்கு ஒரு சட்டம் இருந்தது. லாவணியில் ஒருவர் பொய் சொன்னால், பெண்ணை இழிவாகப் பாடினால், பக்கத்துத் தோட்டத்துக்காரர் கட்டிய அடியைத் தன் அடி என்று பாடினால், எதிர்க்கட்சிக்காரர் அதே இடத்தில் பிடித்துக்கொள்வார். சபை பார்த்துக்கொண்டிருக்கும். பாடியவர் பதில் சொல்லாமல் இறங்க முடியாது. இன்றைய புகழ்பெற்ற ராப் பாடகர்களிடம் நான் காணும் பெரிய குறை, அந்தச் சபை இல்லாமல் போனதுதான். மக்கள் பேரில், பெண்கள் பேரில், போரில் செத்தவர்கள் பேரில் பாடுகிறார்கள். கேள்வி வந்தால் எதிரே நிற்பதில்லை.

ராப் பாடகரிடம் இதைக் கொஞ்சம் கடுமையாகவே கேட்க வேண்டும். சினிமாப் பாட்டில் எழுதியவர் ஒருவர், மெட்டமைத்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர், வாயசைத்தவர் ஒருவர். பிழை வந்தால் நால்வரும் ஒருவரை ஒருவர் கைகாட்டலாம். ராப் பாடகர் தன் வரியைத் தானே எழுதித் தன் பேரில் தானே பாடுகிறவர். அதுதான் அவருடைய பெருமை. அந்தப் பெருமையை எடுத்துக்கொள்கிறவர் பொறுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெண்ணைத் திட்டித் தொடங்கிய புகழ்

ஹிப்ஹாப் தமிழா ஆதியிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் இந்த இசையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர் அவர்தான். 1994இல் 'காதலன்' படத்துக்கு ஏ.ஆர்.ரஹ்மான் செய்த 'பேட்டை ராப்' ஒரு தனி அதிசயமாக வந்து போனது. 2011இல் வானொலியில் பாடி யூடியூப்பில் பரவிய 'கிளப்புல மப்புல' பாட்டுக்குப் பிறகுதான் ராப் என்ற சொல் தமிழ்நாட்டின் எல்லாக் கல்லூரி விடுதிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பாட்டு எதைப் பற்றியது? குடிக்கிற பெண், குட்டை உடுப்பு உடுக்கிற பெண், அவளால் கெட்டுப்போகும் தமிழ்ப் பண்பாடு. தமிழ்நாட்டிலும் இங்கேயும் சாராயத்தால் அழிந்த குடும்பங்களைக் கணக்கெடுத்தால், குடித்தவர்கள் யார், அடி வாங்கியவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் தோட்டத்து லயங்களில் சம்பள நாள் ராத்திரி எந்த வீட்டில் சத்தம் கேட்கும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். பகல் முழுக்கக் கொழுந்து பறித்த பெண், ராத்திரி அடி வாங்கிக்கொண்டு, விடியற்காலை மறுபடி மலை ஏறுகிறாள். பண்பாட்டுக் காவல் செய்ய வந்த கவிஞனுக்கு இந்த மனுஷி கண்ணில் படவில்லை. விடுதி வாசலில் நின்ற நகரத்துப் பெண்தான் பட்டாள்.

இளவயதில் செய்த பாட்டு என்று அவருடைய ரசிகர்கள் சொல்வார்கள். சரிதான். அதற்குப் பிறகு அவர் நல்ல காரியங்களும் செய்திருக்கிறார். தமிழ் எழுத்துகளின் வரலாற்றைப் பற்றி 'தமிழி' என்ற ஆவணத் தொடரை எடுத்தார், அதற்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் 2017 ஜனவரியில் நடந்ததை மறக்க முடியாது. ஜல்லிக்கட்டுக்காக அவர் செய்த பாட்டு, மெரினாவில் திரண்ட இளைஞர்களின் வாயில் இருந்தது. போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, அது திசை மாறுகிறது, தேசத்துக்கு எதிரானவர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று காணொளியில் சொல்லிவிட்டு அவர் விலகினார். ஜனவரி 23ஆம் திகதி பொலீஸ் தடியோடு கடற்கரைக்கு வந்தது. அவர் சொன்னதால்தான் பொலீஸ் வந்தது என்று நான் சொல்லவில்லை. அடி விழப்போகும் கூட்டத்தைச் சந்தேகத்துக்குரிய கூட்டமாகக் காட்ட அந்தப் பேச்சு உதவியது என்று சொல்கிறேன். கூட்டத்தைப் பாட்டால் கூப்பிட்டவர், கூட்டத்தைவிட்டுப் போகும்போது அதன்மேல் பழி போட்டுவிட்டுப் போனார். பெண்ணைத் திட்டிய பாட்டைவிடப் பெரிய குற்றமாக எனக்கு இதுதான் படுகிறது.

சாட்சி சொன்ன வாய்

எம்.ஐ.ஏ. என்ற மாயா அருட்பிரகாசம் பற்றி எழுதுவது கடினம், ஏனென்றால் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். லண்டனில் 1975இல் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, போர் தொடங்கியபின் அகதியாக லண்டன் திரும்பியவர். 2005இல் முதல் இசைத்தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரை வைத்தார், 'அருளர்'. 2007இல் அடுத்ததற்குத் தாயின் பெயர், 'கலா'. வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்த 2009 பெப்ரவரியில், நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் நின்றார். அந்த மாதங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, எங்கள் சனங்கள் கொல்லப்படுகிறார்கள் என்று சொன்ன ஒரே உலகப் புகழ் முகம் அவருடையது. வெளிநாட்டு அமைச்சர்கள் வார்த்தையை மென்று விழுங்கியபோது அவர் நேரே சொன்னார்.

2012இல் அமெரிக்காவின் சூப்பர் பௌல் மேடையில் அவர் நடுவிரலைக் காட்டியதற்கு அந்த நாட்டுக்காரர்கள் குதித்தார்கள். அதை நான் குற்றமாக எடுக்கவில்லை. துப்பாக்கியையும் புலி உருவங்களையும் சட்டைக்கும் அட்டைக்கும் அலங்காரமாக்கியதை எடுக்கிறேன். அந்தத் துப்பாக்கி லண்டன் இளைஞனுக்குப் பாணி. வன்னியில் பிள்ளையை இயக்கத்துக்குப் பறிகொடுத்த தாய்க்கு அது பாணியில்லை. அவர் பேசிய மக்களில் அந்தத் தாயும் ஒருத்தி. தன் பிள்ளையைக் கொண்டுபோனவர்களைப் பற்றிக் கேட்க அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது. அது அந்தப் பாட்டுகளில் இடம்பெறவில்லை.

அதைவிட எனக்கு வலிப்பது பின்னால் நடந்தது. 2020இல் கொரோனாத் தொற்றுப் பரவியபோது தடுப்பூசிக்கு எதிராகவும், 5ஜி அலைக்கோபுரங்களைப் பற்றியும் ஆதாரமற்ற கருத்துகளைப் பரப்பினார். 2024இல் அலைகளிலிருந்து உடம்பைக் காப்பாற்றும் என்று சொல்லி உடுப்பு விற்கத் தொடங்கினார். பிரபலங்கள் இப்படி எதையாவது சொல்வார்கள் என்று விட்டுவிடலாம், அவர் வெறும் பிரபலமாக இருந்திருந்தால். அவர் சாட்சி. போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் நடந்ததை இன்றுவரை மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சாட்சியின் நம்பகத்தை உடைப்பதுதான் எந்த வழக்கிலும் எதிர்த்தரப்பின் முதல் வேலை. அந்த வேலையை எம்.ஐ.ஏ. தன் கையாலேயே செய்து கொடுத்தார். 2009இல் அவர் சொன்னது உண்மை. 2020இல் அவர் சொன்னதைக் காட்டி, அந்த உண்மையையும் அதே தராசில் வைக்க இடம் கொடுத்துவிட்டார். அதற்கான விலையை அவர் கொடுக்கப்போவதில்லை.

ஒடுக்கப்பட்டவனின் பாட்டு கேடயமாகுமா?

வேடன் கேரளத்தவர், மலையாளத்தில் பாடுகிறவர். ஆனாலும் தோட்டத்துப் பிள்ளைகள் அவரைத் தங்களவராகவே எடுத்துக்கொள்கிறார்கள். தாய் இலங்கைத் தமிழ் அகதி. திருச்சூரில் வறுமையில் வளர்ந்த ஹிரண்தாஸ் முரளி, 2020இல் 'குரலற்றவர்களின் குரல்' என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் வைத்த பாட்டோடு வந்தார். சாதியை இத்தனை நேராக அடித்த குரல் கேரளத்தின் வெகுசன இசையில் அதற்கு முன் அபூர்வம்.

அடுத்த ஆண்டே பெண்கள் சிலர் அவர்மீது பாலியல் குற்றச்சாட்டுகளைச் சொன்னார்கள். அவர் சமூக ஊடகத்தில் மன்னிப்புக் கேட்டார். 2025 ஏப்ரலில் கஞ்சா வழக்கில் கைதானார். சங்கிலியில் இருந்த சிறுத்தைப் பல்லுக்காக வனத்துறையும் வழக்குப் போட்டது. பல்லுக்காகக் காட்டிய வேகத்தைப் பணக்கார நடிகர்களின் வீட்டு யானைத்தந்தத்தில் அரசு காட்டியதா என்று அவருடைய ஆதரவாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி, நானும் கேட்கிறேன். சில மாதங்களில் ஒரு பெண் மருத்துவரின் புகாரின்பேரில் பாலியல் வன்புணர்வு வழக்குப் பதிவானது. அவர் மறுக்கிறார், உயர்நீதிமன்றம் முன்பிணை கொடுத்தது. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும்.

நான் பேச வந்தது ரசிகர்களைப் பற்றி. புகார் சொன்ன பெண்களைச் சாதி வெறியர்களின் கையாட்கள் என்று ஒரே வரியில் தள்ளினார்கள். ஒடுக்கப்பட்ட ஒருவர் உயரும்போது அவரை இழுத்துவிடக் காத்திருக்கும் கைகள் உண்டு என்பது உண்மை. அந்த உண்மையை வைத்து ஒரு பெண்ணின் வாயை அடைப்பது, கங்காணி நம்ம ஆள்தான் என்று சொல்லித் தோட்டத்துப் பெண்ணைப் பேசவிடாமல் செய்த பழைய வழக்கத்தின் தொடர்ச்சி. நம்ம ஆள் செய்தால் கேட்கக்கூடாது என்ற பேச்சை எங்கள் பாட்டிமார் போதுமான அளவு கேட்டுவிட்டார்கள்.

அமெரிக்கர்கள் இதில் நம்மைவிட நல்லவர்களாக இருந்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். டொக்டர் டிரே 1991இல் டீ பார்ன்ஸ் என்ற பெண் ஊடகவியலாளரைத் தாக்கினார். தான் நோகடித்த பெண்களிடம் பொதுவில் மன்னிப்புக் கேட்க அவருக்கு 2015 வரை பிடித்தது. இருபத்துநான்கு வருடம் அந்தப் பெண் காத்திருக்க, அவர் கோடிகளில் வளர்ந்தார். கான்யே வெஸ்ட் யூதர்களுக்கு எதிராகப் பேசியபோது 2022இல் அடிடாஸ் நிறுவனம் உறவை முறித்தது. சபை இல்லாத இடத்தில் கம்பெனி தீர்ப்புச் சொன்னது. கம்பெனியின் தீர்ப்பு லாப நட்டத்தைப் பார்த்து வருவது. அதை நீதி என்று நம்பிவிடக் கூடாது.

எங்கள் பாதையின் பாட்டு

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டுக்குள் நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள் எங்கள் முன்னோர். கோப்பித் தோட்டங்களுக்காக வந்தவர்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று சரியான கணக்கு யாரிடமும் இல்லை. ரயில் மாத்தளையைத் தொட்டது 1880இல்தான், அதுவரை கால்நடை. 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நினைவு நடைபயணம் அதே பாதையில் வந்து ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. வஹகோட்டை அந்தப் பாதையிலிருந்து தூரமில்லை. 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். லயம் லயமாகக் குடும்பங்கள் பிரிந்து ராமேஸ்வரம் கப்பலுக்குப் போயின. அக்கா அங்கே, தங்கை இங்கே.

2021 மார்ச் மாதம் 'எஞ்சாயி எஞ்சாமி' வெளியானபோது எங்கள் தோட்டங்களில் அதைச் சும்மா ஒரு புதுப்பாட்டாகக் கேட்கவில்லை. அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அதைக் கட்டினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாமல் இந்தியாவுக்குத் திரும்பியவர் அந்த அம்மா. கிழவிகள் அந்தப் பாட்டில் தங்கள் ஒப்பாரியைக் கேட்டார்கள், பிள்ளைகள் ஆடினார்கள். ஒரே பாட்டு இரண்டையும் செய்வது லேசில்லை. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரிக்க, பாடகி தீயும் அறிவும் பாடினார்கள். யூடியூப்பில் 40 கோடிக்கு மேல் பார்வைகள் போனது.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. 2021 ஓகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்து ரொறொன்ரோவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போலும் வந்தார்கள். அறிவு இல்லை. ஷான் பாடிய 'நீயே ஒளி'க்கும் வரி எழுதியவர் அறிவு. இயக்குநர் பா.ரஞ்சித் அதைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தார். 2022 ஜூலை 28ஆம் திகதி சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில், பிரதமரும் முதல்வரும் உட்கார்ந்திருந்த மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு இல்லை. அறிவு பொதுவில் எழுதினார்: இசையும் வரியும் தன் உழைப்பு, யாரும் தனக்கு ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை என்று. சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார்: கூட்டு முயற்சி, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமபங்கு, அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று. தீயும் தன் விளக்கத்தைச் சொன்னார்.

யார் எந்த மெட்டைப் போட்டார் என்பதற்குள் நான் போகவில்லை, அந்த அறையில் இருந்தவர்களுக்குத்தான் அது தெரியும். எனக்குத் தெரிவது இது: நிலமில்லாத பாட்டியின் கதையைப் பாடிய பேரன், அந்தப் பாட்டு ஏறிய பெரிய மேடைகளில் எல்லாம் ஓரத்துக்குப் போனார். ஒரு முறை நடந்தால் தவறு என்று விடலாம். திரும்பத் திரும்ப நடந்தபோதும் அருகில் நின்ற புகழ்பெற்றவர்கள் 'அறிவு இல்லாமல் இந்த அட்டைக்கு வரமாட்டேன்' என்று சொல்லவில்லை. ஷான் வின்சென்ட் டி போல் 'மேட் இன் ஜாஃப்னா' என்று இசைத்தொகுப்புக்குப் பெயர் வைத்தவர். ஊரின் பேரைத் தொகுப்புக்கு வைத்தவரிடம், ஊர் அந்தச் சின்னத் துணிச்சலை எதிர்பார்த்தது.

2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே ஒரு காணொளியில் வந்து, பாட்டு வெளியாகி மூன்று ஆண்டாகியும் அதை வெளியிட்ட 'மாஜ்ஜா' நிறுவனத்திலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாயும் வரவில்லை என்றார். சுயாதீனத் தமிழ்க் கலைஞர்களைத் தூக்கிவிடப் பிறந்த மேடை என்று சொல்லிக்கொண்ட நிறுவனம் அது. ரஹ்மானின் பெயரும் அதோடு சேர்ந்தே அறிவிக்கப்பட்டிருந்தது. மூன்று ஆண்டு கணக்குக் கேட்காமல் இருந்தது ஏன் என்பதை இசைத்துறையில் பழுத்த ஒருவரிடம் கேட்பது தவறில்லை. 2022இல் அறிவு பேசியபோதே சந்தோஷ் கணக்கையும் சேர்த்துப் பேசியிருந்தால், அறிவு தனியாக நின்றிருக்க மாட்டார்.

அறிவிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. 2019இல் 'தெருக்குரல்' இசைத்தொகுப்பைச் செய்த கை, சாதிக்கு எதிராகப் பாடும் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் மேடையில் நின்ற கால். அவரே பெரிய கதாநாயகர்களின் வருகைப் பாட்டுகளுக்கும் எழுதுகிறார், பாடுகிறார். யோகி பி விஷயத்திலும் இதையே சொல்வேன். மலேசிய ரப்பர்த் தோட்டங்களிலிருந்து எழுந்த தமிழ்ச் சமூகத்தின் குரலாக 2006இல் நட்சத்திராவோடு 'வல்லவன்' என்று வந்தவர், பின்னால் சினிமாவில் கதாநாயகனின் தோளுக்குப் பின்னால் முழங்கும் குரலாகச் சுருங்கினார். பிழைப்பு வேண்டும், சினிமாதான் காசு தருகிறது, புரிகிறது. ஆனால் தெருவில் நின்று பெரிய மனிதர்களைக் கேள்வி கேட்கப் பிறந்த கலை, பெரிய மனிதர் வரும்போது பறையடித்து முன்னே போகும் வேலைக்குத் திரும்பிவிட்டால், பறையை அந்த வேலையிலிருந்து விடுவிக்கப் போராடியவர்களுக்கு என்ன பதில்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'எஞ்சாயி எஞ்சாமி'யின் பின்கதை திரும்பிப் போனவர்களின் கதை. போகாமல் நின்றவர்கள் நாங்கள். எங்களுக்கு 2003வரை முழுமையாகக் குடியுரிமைப் பிரச்சினை தீரவில்லை, காணி இன்றும் பெரும்பாலோருக்கு இல்லை. பாட்டு உலகம் சுற்றிய ஆண்டுகளில், அதைச் செய்தவர்களோ விற்றவர்களோ மேடைகளில் மலையகத்தின் இன்றைய நிலையைப் பற்றி உரக்கப் பேசி நான் கேட்கவில்லை. பாட்டிமார் படமாக வந்தார்கள். பேத்திமார் இன்னும் அதே மலையில் கொழுந்து பறிக்கிறார்கள்.

மாத்தளையிலும் உக்குவளையிலும் ரத்தோட்டையிலும் கைத்தொலைபேசியில் தாளம் போட்டுத் தாமே ராப் எழுதும் பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாட்டை வெளியே விடுவதற்கு முன், வரி யாருடையது, மெட்டு யாருடையது, வருமானத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். கூட்டாளி நெருங்கிய சிநேகிதன் என்றாலும் போடுங்கள். அம்மாவின் கதையைப் பாடினால் முதலில் அம்மாவுக்குப் பாடிக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். உங்கள் பாட்டால் ஒரு பெண் காயப்பட்டதாகச் சொன்னால், ரசிகர்களை அவள்மேல் ஏவிவிடாமல் நீங்களே போய் நின்று கேளுங்கள். இதைச் செய்யாத எந்தப் பெரிய பாடகரையும், அவர் எத்தனை கோடிப் பார்வை வாங்கியிருந்தாலும், ஆசானாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.